இரண்டு விரல் சிரிப்பு!

நான் நான்காம் வகுப்பு படித்தபோது நடந்த கதை இது. ஊர், கடலூர் மாவட்டம் ஸ்ரீமுஷ்ணம். விருத்தாசலத்தில் பஸ் ஏறினால் சுமார் 20 கி.மீ., தூரம்.

என் பக்கத்தில் உட்காரும் நண்பனுக்கும் எனக்கும் பெரிய சண்டை. அவன், "காய்" விட்டு விட்டான். உங்களுக்குத் தெரியாததா குட்டீஸ்... எங்கள் வகுப்பில் சுண்டு விரலை நீட்டினால், "காய்!" ஆள்காட்டி விரலையும், நடு விரலையும் சேர்த்து நீட்டினால், "பழம்!" ஊருக்கு ஊர் விரல் மாறும், கோபம் மட்டும் மாறாது.

நான்கு நாட்கள் பேச்சு மூச்சு இல்லை. அவன் இடத்தை மாற்றிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய் விட்டான். ஐந்தாம் நாள், கணக்குப் பாடம் நடந்து கொண்டிருந்தது. சார் கரும்பலகையில் எழுதிக் கொண்டிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. மெல்லப் பின்பக்கம் திரும்பி, அவன் பார்க்கட்டும் என்று கையை உயர்த்தி, இரண்டு விரலைக் காட்டினேன். "பழம் விடுடா...' என்று அர்த்தம்.

அந்த நேரம் பார்த்து சார் திரும்பி விட்டார்!

எங்கள் வகுப்பில் ஒரு விரல் காட்டினால் என்ன அர்த்தம், இரண்டு விரல் காட்டினால் என்ன அர்த்தம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

"டேய்... அதை ஏண்டா அவன்கிட்ட போய் கேட்கிற? என்கிட்ட கேளு. போ, போ... இங்கேயே நிக்காதே, ஓடு!"

வகுப்பே சிரித்தது. "இல்லை சார், வேற விஷயம்' என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் என்ன விஷயம் என்று கேட்பாரே! எழுந்து ஓடினேன். வராத ஒன்றுக்காக ஐந்து நிமிடம் வேப்ப மரத்தடியில் நின்று விட்டு வந்தேன்.

கடைசி வரிசையில் இருந்த அவன் சிரித்தானா? அதை அப்புறம் சொல்கிறேன். சண்டை எதற்கு வந்தது என்பதையும் அப்புறம்தான் சொல்வேன். அது அவ்வளவு பெருமைப்படும் விஷயம் இல்லை.

யோசித்துப் பாருங்கள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால், இரண்டு விரல் பேசியது. அதுவும் ஒரே நேரத்தில் இரண்டு பேரிடம் இரண்டு விதமாகப் பேசியது. சிரிப்பு வந்தது அந்த இடத்தில்தான்.

உடம்பு பேசுவதைப் பற்றி நம் தமிழில் எப்போதோ எழுதி வைத்து விட்டார்கள். நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய தமிழ் நூலான தொல்காப்பியத்தில், "மெய்ப்பாட்டியல்' என்றே ஒரு பகுதி உண்டு. மெய் என்றால் உடம்பு. மனதில் இருப்பது உடம்பில் தெரிவதுதான் மெய்ப்பாடு. அழுகை, பயம், கோபம், வியப்பு என்று மொத்தம் எட்டு மெய்ப்பாடுகள். அதில் முதலாவதாக எதை வைத்தார் தெரியுமா தொல்காப்பியர்? சிரிப்பை! அவர் சொன்ன பெயர், "நகை.'

சிரிப்பு எதனால் வரும் என்றும் நான்கு காரணம் சொல்கிறார். எள்ளல் என்றால், ஒருவரைக் கேலி செய்வது. இளமை என்பது சின்னப் பிள்ளைத்தனம். பேதைமை என்பது அறியாமை. மடன் என்றால், யாரோ சொன்னதை அப்படியே பிடித்துக் கொள்ளும் வெள்ளை மனசு. என் இரண்டு விரல் கதையைப் பேதைமைக் கணக்கில் எழுதிக் கொள்ளலாம். சார் பேதையா, நான் பேதையா என்று மட்டும் கேட்காதீர்கள்.

எங்கள் ஊருக்கு வந்தால் பூவராக சுவாமி கோவிலுக்குப் போகாமல் யாரும் திரும்ப மாட்டார்கள். மூலவர் மேற்கே பார்த்து நிற்கிறார். ஆனால், முகத்தை மட்டும் தெற்கே திருப்பியிருக்கிறார். இரண்டு கைகளும் இடுப்பில்! பூமியைக் கவர்ந்து போன அசுரனை வென்று, மீட்டு வந்த வராகம் அல்லவா... அந்த வெற்றி, நிற்கும் நிலையிலேயே தெரிகிறது.

அதே போல இடுப்பில் இரண்டு கையும் வைத்துக் கொண்டு, சாயங்காலம் ஆறரை மணிக்கு உங்கள் வீட்டு வாசலில் அம்மா நிற்கிறார் என்று வையுங்கள். விளையாடி விட்டு வரும் உங்களுக்குத் தெருமுனையிலேயே எல்லாம் புரிந்து விடும். "எங்கேடா போனே?' என்ற கேள்வி, "வீட்டுப்பாடம் எழுதியாச்சா?' என்ற கேள்வி, அப்பாவிடம் சொல்லப் போகும் சேதி... அத்தனையும் அந்த இரண்டு முழங்கைகளில் இருக்கிறது! கை வைத்த இடம் ஒன்றுதான். நிற்பது யார், எங்கே, எதற்கு என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறி விடுகிறது.

விருத்தாசலத்துக்கு வருவோம். அது பீங்கான் ஊர். பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழிலைக் கற்றுத் தரும் அரசு நிறுவனமும் அங்கே இருக்கின்றன. பொம்மை எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? வெள்ளைக் களிமண்ணோடு வேறு சில கல் மாவுகளையும் சேர்த்து, தண்ணீர் விட்டு, தோசை மாவு போலக் கூழாகக் கரைத்துக் கொள்வார்கள். அதை, "பிளாஸ்டர் ஆப் பாரிஸ்' அச்சுக்குள் ஊற்றுவார்கள். அந்த அச்சு தண்ணீரை உறிஞ்சிக் கொள்ளும். அச்சின் உள்சுவரில் மண் ஒட்டிக் கெட்டியானதும், மிச்சக் கூழைக் கவிழ்த்து விடுவார்கள். அச்சைப் பிரித்தால் உள்ளே கூடாக ஒரு பொம்மை! காய வைத்து, பிசிறு தட்டி, சூளையில் சுட்டு, மெருகு பூசி, மறுபடி சுடுவார்கள்.

ஒரே அச்சில் வார்த்த பொம்மைகள் எல்லாம் ஒன்று போலவே பிறக்கும். முகம் எழுதும்போதுதான் வேடிக்கை. தூரிகை நுனியால் புருவத்தை ஒரு நூல் அளவு மேலே தூக்கினால் பொம்மை ஆச்சரியப்படும். உள்பக்கமாகச் சாய்த்தால் அதே பொம்மை உங்களை முறைக்கும். நம்பிக்கை இல்லையா? ஒரு தாளில் மூன்று வட்டம் போடுங்கள். மூன்றிலும் ஒரே மாதிரி கண், ஒரே மாதிரி வாய். புருவம் மட்டும் மூன்று விதம். மூன்று ஆட்கள் கிடைப்பார்கள். அதில் ஒருவர் நிச்சயம் உங்கள் கணக்கு வாத்தியார்!

பொம்மையின் சிரிப்பு கோட்டில் இருக்கிறது. நம் சிரிப்பு எங்கே இருக்கிறது? வாயில் என்றுதானே சொல்வீர்கள். பிரான்ஸ் நாட்டு டாக்டர் டுஷேன் அப்படி நினைக்கவில்லை. முகத் தசைகளில் லேசாக மின்சாரம் பாய்ச்சி, எந்தத் தசை எதற்கு என்று கண்டுபிடித்து, 1862ல் புத்தகமே போட்டார். மின்சாரம் பாய்ச்சினால் உதட்டோரம் மேலே போகிறது. ஆனால், பார்ப்பதற்கு அது சிரிப்பாக இல்லை! ஏன்? நிஜமாகச் சிரிக்கும்போது கண்ணைச் சுற்றியிருக்கும் தசையும் சுருங்குகிறது. உதடு நாம் சொன்னால் கேட்கும். கண்ணோரத் தசை லேசில் கேட்காது. போட்டோக்காரர், "ஸ்மைல் ப்ளீஸ்' என்றதும் நாம் காட்டும் 32 பல் சிரிப்பு, படத்தில் ஏன் அசடு வழிகிறது என்று இப்போது தெரிகிறதா?

பத்து வருடம் கழித்து, 1872ல், சார்லஸ் டார்வின் இதைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். பரிணாமக் கொள்கை சொன்ன அதே டார்வின்தான். தூர தேசங்களில் இருந்தவர்களுக்கு எல்லாம் கேள்வித்தாள் அனுப்பினார். "உங்கள் பக்கத்து மக்கள் ஆச்சரியப்பட்டால் கண்ணை அகல விரிக்கின்றனரா? வெட்கப்பட்டால் முகம் சிவக்கிறதா?' என்கிற மாதிரிக் கேள்விகள். வந்த பதில்கள் பெரும்பாலும் ஒத்துப் போயின. லாரா பிரிட்ஜ்மன் என்ற பெண்ணைப் பற்றியும் அந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். சின்ன வயதிலேயே பார்வையும், கேட்கும் திறனும் போய்விட்ட அவர், சந்தோஷ சேதி ஒன்றைத் தெரிந்து கொண்டதும், சிரித்துக் கை தட்டினாராம். அடுத்தவர் முகத்தைப் பார்த்து அவர் கற்றிருக்க முடியாதே! சிரிப்பு கூடவே பிறக்கிறது.

கை, தலை அசைவுகள் அப்படியில்லை. அவற்றை ஊர்தான் கற்றுத் தருகிறது. பல்கேரியா நாட்டில், "இல்லை' என்று சொல்லத் தலையை மேலும் கீழும் அசைப்பார்கள். "ஆமாம்' என்றால் பக்கவாட்டில் ஆட்டுவார்கள். அங்கே போய், "ஐஸ்கிரீம் வேணுமா?' என்று கேட்கும்போது வேகமாக, "உம், உம்' என்று தலையாட்டினால், ஐஸ்கிரீம் திரும்பிப் போய்விடும்! அவர்களைச் சொல்லி என்ன... நாம் மட்டும் என்னவாம்? மேலும் கீழும் இல்லாமல், பக்கவாட்டிலும் இல்லாமல், தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை மாதிரி ஒரு ஆட்டு ஆட்டுகிறோமே... அதைப் பார்த்து வெளிநாட்டுக்காரர்கள் மண்டையை உடைத்துக் கொள்கின்றனர். "சரி', "பார்க்கலாம்', "புரிகிறது', "நீங்க சொல்லிட்டே இருங்க, நான் தூங்கிட்டே இருக்கேன்' எல்லாம் அதில் அடக்கம்.

முகத்தை மூடி வைத்துப் பேசுகிற ஒரு இடமும் இருக்கிறது. மாட்டுச் சந்தை! தாத்தாவோடு போனபோது பார்த்திருக்கிறேன். விற்பவர் கையும், தரகர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போய்விடும். ஒருவர் விரலை மற்றவர் பிடித்து விலை பேசுவார்கள். எந்த விரல், எத்தனை விரல் என்பதில் கணக்கு. சுற்றி நிற்கும் யாருக்கும் விலை தெரியக்கூடாது. அதனால், இரண்டு பேரும் வானத்தைப் பார்ப்பார்கள், மாட்டைப் பார்ப்பார்கள், எங்கேயோ போகும் பஸ்சைப் பார்ப்பார்கள். துண்டுக்கு அடியில் மட்டும் பெருச்சாளி புகுந்த மாதிரி ஒரே குமுறல்! திடீரென ஒருவர் வெடுக்கென்று கையை உருவிக் கொள்வார். விலை கட்டுப்படி ஆகவில்லை என்று அர்த்தம். முகம் அப்போதும் சாமி சிலை மாதிரிதான் இருக்கும். நான் சிரித்து விட்டேன். தாத்தா கண்ணாலேயே என்னை அடக்கினார். அதுவும் பேச்சுதானே!

சினிமாவுக்கு வந்தால், "காதலிக்க நேரமில்லை' பார்த்திருப்பீர்கள். 1964ல் வந்த படம், இன்றைக்கும் டி.வி.,யில் போட்டால் வீடே உட்கார்ந்து விடும். நாகேஷ் ஒரு பயங்கரக் கதையை டி.எஸ்.பாலையாவுக்குச் சொல்வாரே... கதை சொல்பவர் நாகேஷ். ஆனால், பாதிச் சிரிப்பு பாலையாவின் முகத்தில்! அவர் கண் போகும் போக்கும், உடம்பு நடுங்குவதும்... அடுத்த முறை அந்தக் காட்சியில், கதை சொல்பவரை விட்டுவிட்டு, கேட்பவரை மட்டும் பாருங்கள்.

பேசாமலே உலகத்தைச் சிரிக்க வைத்தவர் சார்லி சாப்ளின். 1925ல் வந்த, "தி கோல்டு ரஷ்' படத்தில் பனியில் மாட்டிக்கொண்டு, பசி தாங்காமல், தன் பூட்சையே வேக வைத்துச் சாப்பிடுவார். சாப்பிடும் விதம்தான் விஷயம். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி நாசூக்காக வெட்டி, ஷூ நாடாவை நூடுல்ஸ் போலச் சுருட்டி, ஆணியை எலும்பு போலச் சப்புவார். வயிறு காய்கிறது, கைகள் விருந்து சாப்பிடுகின்றன. (பயப்படாதீர்கள், அந்த ஷூ இனிப்பு மிட்டாயில் செய்தது!)

1927க்குப் பிறகு பேசும் படங்கள் வந்து, எல்லாரும் பேச ஆரம்பித்த பிறகும் சாப்ளின் வாயைத் திறக்கவில்லை. 1936ல், "மாடர்ன் டைம்ஸ்' படத்தில், ஓட்டலில் பாட வேண்டிய கட்டம். பாட்டு ஞாபகம் இல்லாததால், சட்டைக் கையின் முனையில் எழுதி வைத்துக் கொள்வார். ஆடுகிற ஆட்டத்தில் அது கழன்று பறந்து போய்விடும்! வேறு வழியில்லாமல், எந்த மொழியிலும் இல்லாத சொற்களைப் பாடி, கையாலும், கண்ணாலும், இடுப்பாலும் கதையைச் சொல்லி முடிப்பார். ஒரு சொல்லுக்கும் அர்த்தம் இல்லை. ஆனால், கதை புரிந்து விடும். அந்த நாடோடி வேடத்தில் அவர் குரலை ஜனங்கள் கேட்டதே அப்போதுதான்!

சாப்ளினைப் பார்த்து வளர்ந்த பிரான்ஸ் நாட்டுச் சிறுவன் ஒருவன், பிற்காலத்தில் ஊமை நாடகத்தில் உலகப் புகழ் பெற்றான். அவர் பெயர் மார்செல் மார்சோ (1923-2007). யூதக் குடும்பம். இரண்டாம் உலகப் போரில், அவருடைய அப்பாவை நாஜிகள் பிடித்துக் கொண்டு போனார்கள். அவர் திரும்பவே இல்லை. இளைஞரான மார்சோ, யூதக் குழந்தைகளை ரகசியமாக எல்லை தாண்டி, சுவிட்சர்லாந்துக்கு அனுப்பும் வேலையில் சேர்ந்தார். ஒரு குழந்தை அழுதாலும் போச்சு! சத்தம் போட்டுச் சமாதானப்படுத்தவும் முடியாது. மார்சோ, பேசாமல் நடித்துக் காட்டியே அவர்களை அமைதியாக வைத்திருந்தார். உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கின்றனர். சத்தமே வராமல் சிரிக்க வைக்க வேண்டிய கட்டாயம் இவரைப் போல் யாருக்கு இருந்திருக்கும்?

எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில், கட்டியங்காரன் என்று ஒருவர் வருவார். ராஜா வரப்போவதைச் சபைக்குச் சொல்வது அவர் வேலை. சொல்லிவிட்டுச் சும்மா இருப்பாரா? ராஜா நெஞ்சை நிமிர்த்தி நடந்தால், இவர் பின்னாலேயே வயிற்றை நிமிர்த்தி நடப்பார். ராஜா மீசையை முறுக்கினால், இவர் இல்லாத மீசையை முறுக்குவார். விடிய விடிய நடக்கும் கூத்தில், தூங்கி வழியும் சின்னப் பிள்ளைகளும் அப்போது எழுந்து உட்கார்ந்து விடுவார்கள். நானும் அப்படி எழுந்து உட்கார்ந்தவன்தான். பார்த்ததை மறுநாள் பள்ளிக்கூடத்தில் செய்து காட்டுவேன். சார் மூக்குப்பொடி போடுவது, ஹெட்மாஸ்டர் மணியை முறைப்பது... "இன்னொரு தடவைடா...' என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

அந்தத் தெம்பில்தான் அன்றைக்கு அதையும் செய்தேன்.

என் நண்பனுக்குச் சின்ன வயதில் போலியோ வந்து, இடது கால் சூம்பியிருந்தது. ஒவ்வொரு அடி வைக்கும்போதும் இடது கையால் முழங்காலை அழுத்திக் கொள்வான். அப்படி அழுத்தினால்தான் கால் நிற்கும். இன்டர்வெல்லில், நான் முழங்காலில் கையை வைத்து, அவனைப் போல நடந்து காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். இன்னும் கொஞ்சம் சாய்ந்து நடந்தேன். சிரிப்பு டக்கென்று நின்றது. திரும்பிப் பார்த்தால், அவன் நிற்கிறான்.

அழவில்லை. அடிக்க வரவில்லை. முழங்காலில் இருந்த கையை மெதுவாக எடுத்தான். கையை வைக்காமலே வகுப்பு வரை நடந்து போகப் பார்த்தான். இரண்டு இடத்தில் தடுமாறி, சுவரைப் பிடித்துக் கொண்டான். ஒருவரும் சிரிக்கவில்லை. வாசலில் நின்று திரும்பி, சுண்டு விரலைக் காட்டிவிட்டு உள்ளே போனான்.

கட்டியங்காரன் பின்னால் நடந்து காட்டியது ராஜாவின் நடையை. ராஜா, தானே நிமிர்த்திக் கொண்ட நெஞ்சு அது. வேண்டாம் என்றால் தளர்த்திக் கொள்ளலாம். என் நண்பன் அந்த நடையைத் தேர்ந்தெடுக்கவில்லை. இதெல்லாம் அப்போது எனக்கு இவ்வளவு தெளிவாகத் தெரியாது. வயிற்றுக்குள் ஏதோ செய்தது, அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. நான்கு நாள் கழித்து விரல்தான் வந்தது.

வேப்ப மரத்தடியில் இருந்து திரும்பி வந்தேன் அல்லவா... "மே ஐ கம் இன் சார்' என்று வாசலில் நின்றபடி, கடைசி வரிசையைப் பார்த்தேன். அவன் வாயைக் கையால் பொத்திக் கொண்டிருந்தான். வாய் தெரியவில்லை. ஆனால், தோள் குலுங்கியது. கண்ணோரம் இரண்டும் சுருங்கியிருந்தன. டுஷேன் டாக்டர் பேரெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. ஆனாலும், அது என்ன என்று தெரிந்தது.

சார் கரும்பலகைப் பக்கம் திரும்பினார். அவன் வாயில் இருந்த கையை எடுத்தான். பெஞ்சுக்கு மேலே லேசாகத் தூக்கி, இரண்டு விரலை நீட்டினான்.

"சார்... இவனும் ரெண்டு காட்டறான் சார்!" என்று பக்கத்தில் இருந்த பையன் கத்தினான்.

சார் சாக்பீசோடு திரும்பி, அவனையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"உனக்குமாடா? ரெண்டு பேரும் சேர்ந்து என்னடா தின்னீங்க?"